எல்லாந் தெரிஞ்ச பேரனுக்கு அப்பாரு சொன்ன புத்தி

வா அப்புனு, உக்காரு. பெங்களூர்ல பெரிய படிப்புப் படிச்சு, உலகத்துல இருக்கற சிக்கலையெல்லாம் சூத்திரம் போட்டுப் புடிக்கப்போறயாமா. உங்கொம்மா ஊரெல்லாம் சொல்லிப்போட்டா. சேந்தமங்கலம் சந்தையில கறிவேப்பில விக்கறவளுக்கே தெரியும். நல்லது கண்ணு. எல்லாந் தெரிஞ்ச மாதிரி இருந்தாத்தான் நாலு காசு பாக்க முடியும். அதுக்குத் தோதா அப்பாரு கொஞ்சம் புத்தி சொல்றேன். காசு வேண்டாம், வெத்தலைக்கு மட்டும் குடு.

மொத புத்தி: எதையும் முழுசாப் பாக்காதே. பிச்சுப் பிச்சுப் பாரு. உங்காளுங்க அதுல நொம்பக் கெட்டிக்காரங்க. மண்ணுல ஒரு புழு கெடக்குது, ஒரு மில்லிமீட்டர் நீளம். கேம்பிரிட்ஜ்ல சிட்னி பிரென்னர்னு ஒருத்தரும் அவரு கூட்டாளிகளும் அதச் சீவிச் சீவி நுண்ணோக்கியில வெச்சுப் பாத்தாங்க. மொத்தம் 302 நரம்பணு. எதோட எது ஒட்டியிருக்குதுன்னு முழுப் படமும் வரைஞ்சு 1986ல வெளியிட்டாங்க. அதுக்கப்பறம் எத்தனை பேரு உக்காந்து பாத்தாச்சு! அந்தப் புழு அடுத்தாப்புல எந்தப் பக்கம் திரும்பும்னு படத்த மட்டும் வெச்சு இன்னும் ஒருத்தனாலயும் முழுசாச் சொல்ல முடியல. நம்ம மண்டைக்குள்ள 8,600 கோடி நரம்பணு இருக்குதாமா. உங்கொப்பன் மண்டையில கொஞ்சம் கம்மியா இருக்கும், இருந்தாலும் கணக்கு எங்க போகும்னு நீயே ரோசன பண்ணிக்க.

நெல்லு கதை அதவிடக் கேவலம். மனுசனோட மரபணுவ எண்ணுனப்ப லட்சம் வரும்னு நெனச்சவங்க இருந்தாங்க. புரதம் செய்யற மரபணு இருவதாயிரம் சொச்சத்துல நின்னுபோச்சு. 2005ல நெல்லோட மரபணுவ முழுசாப் படிச்சு முடிச்சாங்க, நம்ம நாட்டு விஞ்ஞானிகளும் அதுல இருந்தாங்க. வந்த கணக்கு 37,544. சோத்துக்குள்ள இருக்கற சாமான் சோறு திங்கறவனுக்குள்ள இல்ல. சாமான் எத்தனைன்னு எண்ணி ஆளு எப்பிடின்னு சொல்ல முடியாதுங்கறது அப்பவே நாறிப்போச்சு.

பிலிப் ஆண்டர்சன்னு ஒரு இயற்பியல்காரரு இத 1972லயே எழுதி வெச்சுட்டாரு. பெருசப் பிச்சுச் சிறுசாக்கத் தெரிஞ்சதால, சிறுசுலயிருந்து பெருசத் திருப்பிக் கட்டிருவேன்னு நெனைக்காதேன்னாரு. கூட்டம் பெருக்கப் பெருக்கப் புதுசா ஒரு சட்டம் பொறக்குது, அந்தச் சட்டம் தனி ஆளுகிட்டத் தேடுனா கெடைக்காதுன்னாரு. நீ ஏதோ எமர்ஜென்ஸ்னு சொன்னியே, அதுதான். அஞ்சு வருசங்கழிச்சு அவருக்கு நோபல் பரிசும் வந்துச்சு, வேற வேலைக்கு. நல்லதச் சொன்னதுக்கு யாரு காசு குடுக்கறா?

ரெண்டாம் புத்தி: ரெண்டு வரைக்கும் கணக்குப் போடு, மூணாவது வந்தா எந்திரிச்சுரு. ஊட்டுல உங்கொப்பனும் உங்கொம்மாளும் மட்டும் இருந்தா என்ன நடக்கும்னு நான் கண்ண மூடிட்டுச் சொல்லுவேன். நடுவுல நான் திண்ணையிலயிருந்து "கொழம்புல உப்பு கம்மியோ"ன்னு ஒரு வார்த்த விட்டேன்னு வெய்யி. அப்பறம் யாரு யாரு மேல பாய்வாங்க, ராத்திரி யாருக்குச் சோறு, யாரு பொறந்த ஊட்டுக்குப் பஸ் ஏறுவாங்கன்னு பிரம்மனாலயும் சொல்ல முடியாது. வானத்துலயும் இதே வழக்குத்தான். சூரியனும் ஒரு கோளும் மட்டும்னா நியூட்டன் தீத்து வெச்சுட்டாரு. மூணாவதா ஒண்ணு வந்தா ஒண்ண ஒண்ணு இழுத்து, இழுத்தது திரும்ப இழுத்து, எல்லாக் காலத்துக்கும் ஒத்து வர்ற சூத்திரமே அமைய மாட்டேங்குது.

சுவீடன் ராசா ஆஸ்கருக்கு 60 வயசானப்ப இதுக்குப் போட்டி வெச்சாங்க. பிரான்சுக்காரரு புவான்கரே பரிச வாங்கிட்டாரு, 2,500 குரோனர். கட்டுரை அச்சானதுக்கப்பறம் பாத்தா உள்ள பெரிய ஓட்டை. அனுப்புன பிரதியெல்லாம் திருப்பி வாங்கிச் சேத்து, மறுபடி அச்சடிக்க மனுசன் தன் கையிலயிருந்து 3,500க்கு மேல செலவு பண்ணுனாரு. பரிசு வாங்குனதுல நட்டம்! ஆனா அந்த ஓட்டைய அடைக்கப் போன எடத்துலதான், தம்மாத்துண்டு வித்தியாசம் போகப்போக மலையா வளருங்கறதப் பாத்தாரு. நீ எந்தக் கட்டுரை எழுதுனாலும் அச்சுச் செலவு யாருதுன்னு மொதல்ல கேட்டுக்க.

எட்வர்ட் லாரன்ஸ் கதையும் கேட்டிருப்ப. 1961, அமெரிக்காவுல எம்.ஐ.டி. கம்ப்யூட்டர்ல வானிலைக் கணக்கு ஓடிட்டிருந்துச்சு. பாதியிலயிருந்து மறுபடி ஓட்டலாம்னு 0.506127ங்கறத 0.506ன்னு சுருக்கிப் போட்டுட்டுக் காப்பி குடிக்கப் போனாரு. வந்து பாத்தா வானமே வேற. ஆயிரத்துல ஒரு பங்குகூட இல்லாத சில்லறை, ரெண்டு மாசத்து வானிலையக் கவுத்துப்போட்டுது. அதனாலதான் இன்னைக்கு எவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் வெச்சாலும் ரெண்டு வாரத்துக்கு அக்கட்டால எந்த நாள்ல எங்க மழைன்னு சொல்றது கஷ்டம். கெழக்கால கொல்லிமலை மேல மேகம் எறங்குனா மழைன்னு நான் சொல்றனே, எனக்கு ரெண்டு மணி நேரத்துக்கு அக்கட்டால தெரியாது. ஆனா நான் சம்பளம் வாங்கறதில்ல பாரு.

சரி, பட்டணத்துக் கதை போதும். நம்ம கொல்லிமலைக்கு வருவோம். இதுக்கு உன்னோட மாடலப் போட்டுக் காட்டு பாக்கலாம்.

1942 பிப்ரவரி. சப்பான்காரன் சிங்கப்பூரப் புடிச்சான். அந்தப் பக்கத்துலயிருந்து வந்துட்டிருந்த சவ்வரிசி நின்னுபோச்சு. சேலத்துல இருந்த ஏவாரிங்க, குச்சிக்கெழங்க, அதான் மரவள்ளிய, அரைச்சு மாவெடுத்து, அத உருட்டி வறுத்துச் சவ்வரிசி பண்ண ஆரமிச்சாங்க. அது நல்லா ஓடுச்சு. ஆலை பெருகுச்சு. சேலம், ராசிபுரம், நாமக்கல்னு குச்சிக்காடு பரவுச்சு. பொறவு காரவள்ளியிலயிருந்து மலைக்கு ரோடு வந்துச்சு, 70 கொண்டை ஊசி வளைவு. ரோடு வந்தா லாரி வரும், லாரி வந்தா குச்சி ஏறும், கெழங்கு எறங்கும். மலை மேல மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை, பெருஞ்சாமை, சடஞ்சாமைன்னு ஒரு காட்டுலயே விதவிதமா நின்ன சாமையெல்லாம் ஒதுங்கிப்போச்சு. தினையும் ராகியும் ஓரத்துக்குப் போச்சு.

யாரு பண்ணுனா? கலெக்டர் உத்தரவு போட்டாரா? சாமைய ஒழிச்சுப்போடுன்னு எவனாச்சும் தண்டோரா போட்டானா? ஒருத்தனும் இல்ல. ஒவ்வொரு ஊட்டுலயும் தனித்தனியா, நாயமான காரணத்துக்காக, ஒரு வயல மாத்துனாங்க. ஒருத்தனுக்குப் பிள்ள பள்ளிக்கூடம் போகக் காசு வேணும். இன்னொருத்தனுக்குப் பக்கத்துக் காட்டுக்காரன் மாத்திட்டான், சாமை விதைச்சா குருவியெல்லாம் இவன் காட்டுக்குத்தான் வரும். பொம்பளைங்களக் கேட்டா இன்னும் நேராச் சொல்லுவாங்க: சாமைய ஒரல்ல போட்டுக் குத்தி, பொடைச்சு, மறுபடி குத்தி முதுகு போச்சு, கெழங்கு வந்து எங்களக் காப்பாத்துச்சுன்னு. ஒவ்வொருத்தரும் பண்ணுனது சரி. ஒட்டுக்கா என்ன ஆச்சுன்னு பாத்தா மலையோட சாப்பாடே மாறிப்போச்சு. குத்தவாளியே இல்லாத கேசு. சிங்கப்பூர்ல வெள்ளக்காரத் தளபதி சரணடையறேன்னு கையெழுத்துப் போட்ட அன்னிக்கு, மலை மேல செம்மேட்டுல ஒருத்தி ஒரலுக்கு ஓய்வு குடுப்பான்னு எந்தக் கம்ப்யூட்டர் சொல்லியிருக்கும்?

உடனே நீ வாட்சப்பத் தொறந்து, நம்ம முன்னோருக்கு எல்லாந் தெரியும், அவங்க காட்டுன வழியில போயிருந்தா இதெல்லாம் வந்திருக்குமான்னு அனுப்பாதே. முன்னோருக்கு எல்லாந் தெரிஞ்சிருந்தா சாமை குத்தற மொத மிசின அவங்கதான் செஞ்சிருப்பாங்க. ஒரல்ல குத்துனது எங்காத்தா, முன்னோரு திண்ணையிலதான் உக்காந்திருந்தாரு.

மலைக்கு எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க தொண்ணூறுகள்ல வந்தாங்க. சாமை சத்தானதுன்னு பாடம் நடத்துனா சாமை திரும்பி வராதுன்னு சீக்கிரமே அவங்களுக்கு வெளங்கிப்போச்சு. தோல் நீக்கற மிசினக் கொண்டாந்து வெச்சாங்க, மகளிர் குழுக்கிட்டக் குடுத்தாங்க, வெதையச் சேத்து வெச்சாங்க. மலை முழுக்க எப்பிடி மாறுச்சுன்னு முழுசாப் படம் போட்டுட்டு அப்பறம் வேலையத் தொடங்கலாம்னு இருந்திருந்தா இன்னும் படம் போட்டுட்டிருப்பாங்க. எங்க வலிக்குதுன்னு கேட்டு, அந்த எடத்துல கைய வெச்சாங்க. பழையபடி எல்லாக் காட்டுலயும் சாமை ஆடுதான்னு கேக்காதே, ஆடல. ஆனா அடியோட போகவும் இல்ல.

குச்சிக்காட்டுக்கே இன்னொரு வழக்கு வந்துச்சு. கொரோனா வந்தப்ப நீ பெங்களூர்லயே மாட்டிக்கிட்ட, இத நீ பாக்கல. குச்சியோட நுனிக்குருத்து சுருண்டு, எலை கொத்தாக் கூடி, முட்டைக்கோசு மாதிரி நின்னுபோச்சு. விரிச்சுப் பாத்தா உள்ள வெள்ளையா மாவு. அந்த மாவுல சிறுசு சிறுசா நகருது. தண்டுல கட்டெறும்பு மேலயும் கீழயும் ஓடிக்கிட்டே இருக்குது. எறும்புக்கு அங்க என்ன சோலிங்கற? மாவுப்பூச்சி சாறு உறிஞ்சி இனிப்பா ஒரு தண்ணிய விடும், எறும்பு அத நக்கும். நக்கறதுக்குக் கூலியா, பூச்சியத் திங்க வர்ற பொறிவண்டையும் குளவியையும் கடிச்சு வெரட்டும். காசில்லாத காவக்காரன்.

மருந்துக்கடைக்குப் போனா கடைக்காரருக்கு எந்த மருந்து எந்தப் பூச்சியக் கொல்லும்னு தெரியும். அடிச்சா, பூச்சி மேல இருக்கற மெழுகுல மருந்து உருண்டு கீழ விழுது. செத்தது பொறிவண்டும் குளவியும். அடுத்த வாரம் மாவு எச்சா இருக்குது. இன்னும் ஒரு மருந்து சேத்துக் கலக்கி அடி, இன்னும் எச்சா ஆகுது. மருந்தப் பத்தி அவருக்குத் தெரிஞ்சது அத்தனையும் நெசம், அத்தனையும் சரி. காட்டப் பத்தித்தான் தெரியல. உனக்கு இதுல புத்தி என்னன்னா, நீ சொன்னது பலிக்காட்டி அளவு பத்தலைன்னு சொல்லிரு. யாரும் ஒண்ணுங் கேக்கமாட்டாங்க.

அந்தப் பூச்சிக்கு ஃபெனாகாக்கஸ் மனிஹோட்டின்னு பேரு. வாயில வெத்தலையோட சொல்லிப் பாக்காதே. இதுல ஆம்பளையே தேவையில்ல, எல்லாம் பொம்பள, ஒண்ணு வந்தாப் போதும், வம்சம் பெருகிரும். குச்சிக்கெழங்கு மாதிரியே அதுக்கும் பொறந்த ஊடு தென் அமெரிக்கா. 1970கள்ல ஆப்பிரிக்காவுல காங்கோ பக்கம் எறங்கி, கண்டத்துல பல நாட்டுக் குச்சிக்காட்ட அழிச்சுது. கெழங்கத் தின்னு உசுரு வாழ்ந்த சனம், பட்டினி. அங்க நைஜீரியாவுல ஒரு ஆராய்ச்சி நிலையம். ஹான்ஸ் ஹெரன்னு ஒரு சுவிஸ்காரரு வேலைக்குச் சேந்தாரு. அவரு கேட்ட கேள்விதான் எனக்குப் புடிச்சது. ஆப்பிரிக்காக் காடு எப்பிடி இயங்குதுன்னு கேக்கல. இந்தப் பூச்சி சொந்த ஊர்ல ஏன் வாலாட்டறதில்லைன்னு கேட்டாரு.

தேடிப் போனாங்க. தென் அமெரிக்காவுல வடக்கால ஒரு மாவுப்பூச்சி கெடைச்சுது, அதத் திங்கற குளவியும் கெடைச்சுது. சந்தோசமாக் கொண்டுபோயி விட்டாங்க, குளவி இந்தப் பூச்சியச் சீந்தவே இல்ல. ஏன்னா அது பங்காளிப் பூச்சி, பாக்க ஒரே சாடை, சாதி வேற. அதுல ஆம்பளை உண்டு. மறுபடி தேடி, பராகுவே நாட்டுல அசல் பூச்சியக் கண்டுபுடிச்சு, அதுக்குள்ள முட்டை வெக்கற ஒரு குளவியப் புடிச்சாங்க. அனகைரஸ் லோபெசி. ஒண்ணரை மில்லிமீட்டர்கூட இருக்காது. 1981லயிருந்து ஆப்பிரிக்காவுல விட்டாங்க, நாடு நாடாப் பூச்சி அடங்குச்சு. ஹெரனுக்கு 1995ல உலக உணவுப் பரிசு குடுத்தாங்க. குளவிக்கு ஒண்ணும் குடுக்கல.

2020ல அதே பூச்சி கேரளாவுல திருச்சூர்ப் பக்கம் வந்து, நம்ம பக்கமும் ஏறிருச்சு. பெங்களூர்ல வேளாண் பூச்சி வள நிறுவனம் ஒண்ணு இருக்குது, மத்திய சர்க்காருது, உன் காலேஜுக்குப் பக்கத்துலயே இருக்கும், போயிருக்க மாட்ட. அவங்க 2021ல ஆப்பிரிக்காவுல பெனின் நாட்டுலயிருந்து குளவிய வரவழைச்சு, பூட்டி வெச்சுச் சோதிச்சு, 2022 மார்ச்சுல சேலம் ஏத்தாப்பூர்ல இருக்கற மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்துல மொதல்ல வெளிய விட்டாங்க. அதுக்கு முன்னாடி 2008ல கோயமுத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்தப்பவும் இதே கதைதான், 2010ல போர்ட்டோ ரிக்கோவுலயிருந்து குளவி வந்து அடக்குச்சு.

இதுல கவனிக்க வேண்டியது அந்தப் பூட்டி வெச்ச வேலை. குளவிய விட்டா என்ன ஆகும்னு எவனாலயும் நூத்துக்கு நூறு சொல்ல முடியாது. அதனால வேற எதையாச்சும் திங்குமா, கூடவே வேற பூச்சி ஒட்டிக்கிட்டு வந்திருக்குமான்னு பாத்துட்டுத்தான் விட்டாங்க. 1935ல ஆஸ்திரேலியாக்காரன் கரும்புல வண்டு புடிக்கும்னு ஹவாயிலயிருந்து ஒரு நூறு தேரையக் கொண்டாந்து விட்டான். வண்டு மேல, தேரை கீழ. தேரை கரும்ப விட்டுட்டு மத்ததெல்லாம் தின்னுது. இன்னைக்குக் கோடிக்கணக்குல குதிச்சுட்டிருக்குது. எல்லாந் தெரியும்னு இறங்குனவனுக்குத் தேரை, எது தெரியாதுன்னு எழுதி வெச்சுட்டு இறங்குனவனுக்குக் குளவி. நீ எந்தக் கட்சியில சேரப்போற?

இனி நீ என்ன சொல்லுவன்னு தெரியும். ஏ.ஐ. வந்துருச்சு அப்பாரு, அதுகிட்ட விட்டா எல்லாஞ் சொல்லுமும்ப. சொல்லுது, நானும் பேப்பர்ல பாத்தேன். புரதம் எப்பிடி மடியும்னு ஆல்ஃபாஃபோல்டு சொல்லுச்சுன்னு 2024ல நோபல் குடுத்தாங்க. அந்தப் புரதச் சங்கிலி எந்தக் கோணத்துல திரும்ப முடியும், எந்தக் கோணத்துல முடியாதுன்னு மெட்ராசுல ஜி.என்.ராமச்சந்திரன் 1963லயே கூட்டாளிகளோட படம் போட்டாரு. அவரு ஏன் முடியாதுங்கறதையும் சொன்னாரு, அணு அணு மேல இடிக்கும்னு. இந்த மிசினு உருவத்தச் சரியாச் சொல்லுது, ஏன்னு கேட்டா முழிக்குது. நம்மூரு குறிசொல்றவளும் ஏன்னு சொல்லமாட்டா. ஒரே வித்தியாசம், மிசினு சொன்னத ஆய்வுக்கூடத்துல வெச்சு ஒத்துப் பாக்கலாம், குறிசொல்றவள ஒத்துப் பாத்தா சாமி குத்தம்.

மலைக்குப் போறப்ப ஒரு சாக்கிரதை. அங்க எட்டுக்கை அம்மன் இருக்கறா, கொல்லிப்பாவைன்னு சொல்லுவாங்க. சிரிச்சே ஆளக் கொல்லுவான்னு பழங்கதை. உலகத்துக்கே ஒரே சூத்திரம் வெச்சிருக்கறேன்னு சட்டைப் பாக்கெட்டுல சீட்டோட முன்னால நிக்காதே. அவளுக்குச் சிரிப்பு வந்துச்சுன்னா நான் உங்கொப்பனுக்குப் பதில் சொல்லோணும்.

நாளைக்கு வெடியால நம்ம குச்சிக்காட்டுக்குப் போ. லேப்டாப்ப ஊட்டுலயே வெச்சுட்டு ஒரு பூதக்கண்ணாடி எடுத்துக்க. குருத்தப் பிரிச்சா மாவுக்கு நடுவுல பழுப்பா, உப்பி, அசையாம மம்மி மாதிரி ஒண்ணு ரெண்டு இருக்கும். ஓட்டுல வட்டமா ஒரு துளை இருந்தா குளவி வெளிய போயிருச்சுன்னு அர்த்தம், துளை இல்லாட்டி உள்ளயே இருக்குது, நசுக்காதே. எத்தனை துளை, எத்தனை மாவு, பக்கத்துல எறும்பு இருக்குதா இல்லையான்னு ஒரு நோட்டுல எழுதிட்டு வா. சூத்திரம் அப்பறம் போட்டுக்கலாம்.

அதுவும் முடிஞ்சுதுன்னா அப்பாருக்கு ஒரு சிக்கலத் தீத்துக் குடு. அறுத்த கெழங்கு காட்டுல நல்லா முத்தி இருக்குது, ஒடிச்சா மாவு கையில ஒட்டுது. ஆலையில தராசுல வெச்சா மாவுச்சத்து பாயிண்டு கொறைஞ்சுபோச்சுங்கறான். மழை பேஞ்சாலும் கொறையுது, காஞ்சாலும் கொறையுது, வெலை ஏறுனா இன்னும் சாஸ்தியாக் கொறையுது. லாரி ரெண்டு தெரு தாண்டறதுக்குள்ள அந்தப் பாயிண்டு எங்க போகுதுன்னு மட்டும் கண்டுபுடிச்சுட்டா, சுவீடனுக்கெல்லாம் போக வேண்டியதில்ல, உனக்கு நோபல் பரிச இந்தத் திண்ணையிலயே நான் தாரேன்.